சப்பாத்தியா, சிறுதானியமா, பேலியோவா, விரதமா? குமரி மாவட்டத்துச் சாப்பாட்டுக்கு எது ஒத்துவரும்

எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவார். எப்படிக் குறைப்பது என்று சொல்லத்தான் ஊரே காத்திருக்கும். ராத்திரிச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறு என்பார் ஒருவர். அரிசியே வேண்டாம், சாமையும் வரகும் போதும் என்பார் இன்னொருவர். பேலியோவில் இறங்கி மூன்றே மாதத்தில் சட்டை தொளதொளத்துப்போன கதையை ஒருவர் சொல்வார். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று சொல்ல ஆபீஸில் ஒரு தம்பி இருப்பார். இவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அவரவருக்குப் பலித்ததைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இவை எதுவும் நாகர்கோவிலையோ குளச்சலையோ குலசேகரத்தையோ மனதில் வைத்து உருவான வழிகள் இல்லை. இங்கே சோறு உண்டு, சோற்றோடு போட்டிபோட மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, உண்டு, எந்தக் கறியைத் திறந்தாலும் தேங்காய் உண்டு, பெரும்பாலான வீடுகளில் வாரத்தில் பாதி நாளாவது மீன் உண்டு. இந்த நாலையும் கணக்கில் எடுக்காத எந்த வழியும் நம் அடுக்களையில் நிலைக்காது. அதனால் ஒவ்வொன்றையும் இந்தச் சாப்பாட்டோடு சேர்த்து வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன்னால், குறைக்கத் தேவை இருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 59 கிலோவுக்கு மேல் போனால் கவனம் வேண்டும், 64 கிலோ என்றால் பருமன். இதைவிட முக்கியமானது வயிறு. தையல் டேப்பை இடுப்பில் சுற்றிப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பவர்கள் நம்மிடையே நிறைய. எடை மெஷின் அவர்களுக்கு ஆறுதல் சொல்லும், டேப் உள்ளதைச் சொல்லும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 80 கிலோ உள்ளவர் 60 கிலோவுக்கு வந்தால்தான் பலன் என்பதில்லை. 2002-இல் அமெரிக்காவில் முடிந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சுகர் எல்லையில் நின்றவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான் இலக்காக வைக்கப்பட்டன. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோவில் 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோதான்.

ராத்திரிச் சப்பாத்தி

எடை குறைக்க நினைக்கும் வீடுகளில் முதலில் நுழைவது கோதுமை மாவு. சுகர் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே ஐந்து கிலோ பாக்கெட் வந்துவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி, 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 320 கலோரி. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. நார்ச்சத்தில் மட்டும் கோதுமை நன்றாகவே முந்துகிறது: அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை, முழுக் கோதுமை மாவில் 11 கிராம் இருக்கிறது. புரதமும் கொஞ்சம் கூடுதல்.

தக்கலையில் இருக்கும் என் மயினி ராத்திரி சப்பாத்தி சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உருண்டை பெரிய எலுமிச்சை அளவு இருக்கும். கல்லில் போட்டு நிறம் மாறியதும் ஓரத்தைச் சுற்றி ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், திருப்பிப் போட்டு இன்னொரு கரண்டி. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா. ஆளுக்கு மூன்று. உருண்டைக்கு 35 கிராம் மாவு என்று வைத்தால் மூன்று சப்பாத்திக்கு மாவு மட்டும் 330 கலோரிக்கு மேல். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆறு கரண்டி எண்ணெய் என்றால் இன்னொரு 240. உருளைக்கிழங்கு தனி. கால் கிலோ வெந்த சோற்றில் இருப்பதோ 325 கலோரிதான். "மயினி, எண்ணெய் விடாமல் சுட்டால் என்ன?" என்று கேட்டேன். "அது தொண்டையில எறங்காது" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அப்படி இறங்காது என்றால், எண்ணெய் விட்ட சப்பாத்தியைவிட அளவான சோறே மேல் என்றுதான் நான் சொல்வேன்.

பிறகு எப்படிப் பலருக்குச் சப்பாத்தியால் எடை குறைகிறது? சப்பாத்தியை எண்ணித் தின்கிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை. "இன்னும் ரெண்டு அகப்பை போடட்டா" என்று கேட்டால் தட்டு தானாக நீளும். சப்பாத்தியில் நாலாவதைக் கேட்கும்போது ஒரு சின்னத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கம்தான் வேலை செய்கிறது. ஆகவே எண்ணெய் குறைவாக, இரண்டே இரண்டு, பக்கத்தில் பருப்போ முட்டையோ கீரையோ வைத்துச் சாப்பிட முடிந்தவருக்குச் சப்பாத்தி நல்ல வழி. உருளைக்கிழங்கையும் குருமாவையும் நம்பிச் சாப்பிடுபவருக்கு இதனால் பெரிய மாற்றம் வராது. புரோட்டாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது மைதா, எண்ணெயில் ஊறிய மைதா.

சிறுதானியம்

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, வடசேரி, மார்த்தாண்டம் கடைகளில்கூட சாமை, வரகு, குதிரைவாலி பாக்கெட்டுகள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. நல்ல தானியங்கள்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 360 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, வேறெந்தத் தானியமும் அதன் பக்கத்தில்கூட வராது. நார்ச்சத்தும் உண்டு, வயிறு சீக்கிரம் நிறையும்.

ஆனால் கலோரி? கேழ்வரகு 320, வரகு 330, சாமையும் கம்பும் 350-ஐ ஒட்டி. அரிசியும் இதே வரிசைதான். இங்கேதான் 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வைச் சொல்ல வேண்டும். இந்தியா முழுக்க எடுத்த கணக்கு அது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதில் தெரிந்தது. வெள்ளை அரிசியையும் தீட்டிய தானியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் சர்க்கரை நோய் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தவர்களிடம்தான் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஒரு தட்டுச் சோற்றை ஒரு தட்டுச் சாமைச் சோறாக மாற்றுவதால் நாம் எதிர்பார்க்கிற பலன் வராது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

செலவையும் பார்க்க வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற வீட்டில், வெளியூரிலிருந்து வருகிற சாமையை நாலு பேருக்கும் தினமும் பொங்குவது நடக்கிற காரியம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் கேழ்வரகு அடையோ புட்டோ செய்யலாம், அதற்கு முழு மனதோடு ஆதரவு. கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிட அடையாக மென்று தின்பது சுகர் உள்ளவருக்கு நல்லது. கரைத்த மாவு வேகமாகச் செரித்துச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

பேலியோ

அரிசி, கோதுமை, கிழங்கு, சீனி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டை, இறைச்சி, மீன், தேங்காய், பாதாம், கீரை என்று இருப்பதுதான் தமிழ்நாட்டில் பேலியோ என்று பரவியிருக்கிறது. சாமான் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் இதற்குக் குமரி மாவட்டத்தைவிடத் தோதான ஊர் கிடையாது. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இறங்குகிற மீன் அன்றைக்கே வீட்டுக்கு வருகிறது, தேங்காய் பலருக்குச் சொந்த விளையிலேயே கிடைக்கிறது.

எடையும் குறையும், வேகமாகவே குறையும். முதல் இரண்டு வாரத்தில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. அதைப் பார்த்து வரும் உற்சாகம் நல்லதுதான், ஆனால் மூன்றாவது மாதத்தில் வேகம் குறையும்போது மனம் விட்டுப்போகக் கூடாது. ஒரு வருட முடிவில் என்ன ஆகிறது என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 5.3 கிலோ குறைந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே வழியில் இருந்தவர்களுக்குள்தான் பெரிய வித்தியாசம் இருந்தது: சிலர் இருபது கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலருக்கு எடை கூடவே செய்தது.

எனக்கு இதில் இரண்டு கவலை. ஒன்று மருந்து. சுகருக்கு இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவரும் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்குக் கீழே இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் இதில் இறங்கவே கூடாது. மற்றது கொலஸ்ட்ரால். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பேலியோ என்ற பெயரில் எண்ணெயும் தேங்காயும் மாட்டிறைச்சியும் கணக்கில்லாமல் போனால் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கிடுகிடுவென்று ஏறுகிறது. தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடர வேண்டாம்.

அப்புறம் நம் ஊர் வாழ்க்கை. கல்யாணப் பந்தியில் இலை போட்டு, பருப்பு, சாம்பார், புளிசேரி என்று வந்து, கடைசியில் பாயசத்தில் மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிடுகிற ஊர் இது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. கோயில் கொடை, பங்குத் திருவிழா, கந்தூரி என்று மாதத்துக்கு ஒரு விசேஷமாவது வரும். ஒவ்வொரு பந்தியிலும் இலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வரக்கூடிய உறுதி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் மரியாதை. பெரும்பாலானவர்களால் முடியாது. விட்ட சோறு திரும்பி வரும்போது எடையும் திரும்பி வருகிறது.

விரதம், அல்லது நேரத்தைக் குறுக்குவது

விரதம் நமக்குப் புதிதில்லை. மாலை போட்டவருக்கு மண்டல காலம், பள்ளிவாசல் போகிறவருக்கு ரமலான், மாதாகோயில் போகிறவருக்குத் தவக்காலம். இப்போது சொல்லப்படுவது வேறு: ஒரு நாளின் சாப்பாடு முழுவதையும் எட்டு மணிநேரத்துக்குள் முடித்துவிட்டு மீதி பதினாறு மணிநேரம் சும்மா இருப்பது.

சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரிடம் ஒரு வருடம் இதைச் சோதித்தார்கள், 2022-இல் வெளிவந்தது. இரண்டு அணிக்கும் ஒரே அளவில் கலோரியைக் குறைத்தார்கள், ஒரு அணி மட்டும் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். அந்த அணி 8 கிலோ குறைந்தது, நேரக் கட்டுப்பாடு இல்லாத அணி 6.3 கிலோ. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. குறைத்துச் சாப்பிட்டதுதான் வேலை செய்திருக்கிறது, கடிகாரத்தின் பங்கு சின்னதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் அவர்கள் விட்டது ராத்திரிச் சாப்பாட்டை. நம் ஊரில் விரதம் என்று தொடங்குகிறவர்கள் விடுவது காலைச் சாப்பாட்டை. ராத்திரி பத்து மணிக்குத் தட்டுக்கடையில் உட்காருவது அப்படியே தொடர்கிறது. விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிற தொழிலாளியையும், ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டுக் காலையில் கரை சேர்கிற மீனவரையும் மதியம் பன்னிரண்டு வரை பட்டினி இரு என்பது நியாயமே இல்லை. கடையில், ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, அதுவும் சாப்பிடுவதில் பாதி ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் என்று இருப்பவர்களுக்கு, ஏழரைக்குள் சாப்பிட்டு அடுக்களையைப் பூட்டுவது மிக நல்ல மாற்றம். தனியாகச் சமைக்க வேண்டாம், காசும் செலவில்லை. தூக்கமும் நெஞ்செரிச்சலும் சரியாவதைச் சில வாரத்திலேயே பார்க்கலாம். சுகர் மருந்து சாப்பிடுபவர் இதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

வெந்நீரில் தேன், எலுமிச்சை, கொள்ளு ஜூஸ், சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் போன்றவற்றுக்கு அதிக நேரம் தேவையில்லை. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துத் தேனே ஆனாலும் அது கொழுப்பைக் கரைக்காது. ஒரு கரண்டியில் இருபது கலோரி கூடும். பவுடரை நிறுத்திய மாதமே எடை ஏறத் தொடங்கும்.

தட்டை மாற்றுவது

நான் ஆதரிப்பது இதைத்தான். எந்தச் சாமானையும் வீட்டை விட்டுத் துரத்தாமல், தட்டில் அவற்றின் அளவை மாற்றுவது. ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களிலும் தட்டின் பாதி காய்கறி, கீரை, பழம் என்றுதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய் என்கிறார்கள். நம் தட்டில் காய் ஓரத்தில் இரண்டு கரண்டிதான் இருக்கும், நடுவில் சோறு குவிந்திருக்கும். இதைத் திருப்பிப் போட வேண்டும்.

செய்முறை சிக்கலில்லை. முதலில் துவரனை, அதாவது காய்ப் பொரியலை, தட்டில் பாதிக்குப் பரப்புங்கள். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பப்பாளிக்காய், புடலங்காய், சீசனில் இடிச்சக்கை (பிஞ்சுப் பலாக்காய்), எது கிடைக்கிறதோ அது. பெரும்பாலும் விளையிலோ வாசலிலோ நிற்பவைதான். பிறகு மீனோ முட்டையோ பயறோ ஒரு கால்பங்கு. கடைசியாகத்தான் சோறு, மீதி இருக்கிற கால்பங்கில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. சாப்பிடும்போதும் இதே வரிசை: காயும் மீனும் பாதி உள்ளே போன பிறகு சோற்றைத் தொடுவது. மாவுச்சத்து கடைசியில் போனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, அதற்குள் வயிறும் ஓரளவு நிறைந்திருக்கும். சம்பா அரிசிதான் வேண்டும், குத்தரிசிதான் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், தவிடு கொஞ்சம் ஒட்டியிருப்பது நல்லதே. ஆனால் அளவு அதேதான்.

மரச்சீனிக் கிழங்கில்தான் நமக்குக் கணக்குப் பிசகுகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய பயிர் இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது வயிற்றைக் காப்பாற்றியதும் இதுதான். சோற்றுக்குப் பதிலாக வந்த அந்தக் கிழங்கு, இப்போது சோற்றுக்குத் துணையாகவும் சாயங்காலக் காப்பிக்குப் பலகாரமாகவும் ஆகிவிட்டது. கலோரியில் வெந்த சோற்றைவிடச் சற்றுக் கூடுதல், புரதம் ஏறக்குறைய இல்லை. ஆகவே கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். கிழங்கும் மீனும் சாப்பிடுகிற நேரம் சோறு வேண்டாம். சாளைக் கறியை ஊற்றி நாலு துண்டுக் கிழங்கு, கூடவே கீரைத் துவரன் என்றால் அது எந்தப் பத்தியத்துக்கும் குறைவில்லாத சாப்பாடு.

தேங்காயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. விடவும் தேவையில்லை. 100 கிராம் துருவலில் 350 கலோரி. நாலு பேர் உள்ள வீட்டில் மீன்கறிக்கு அரைத்து, அவியலில் போட்டு, துவரனில் தூவி, சம்மந்தியும் அரைத்தால் ஒரு தேங்காய் ஓடிவிடும். கால் கிலோ பருப்புள்ள தேங்காய் என்றால் ஆளுக்கு 200 கலோரிக்கு மேல், யாரும் எண்ணாமலே. ஒரு நேரத்துக்கு ஒரு கறியில் மட்டும் தேங்காய் என்று வைத்துக்கொண்டால் ருசியும் போகாது, கணக்கும் பாதிக்கு மேல் இறங்கும். மீன்கறிக்குத் தேங்காய் அரைக்கிற நாள் துவரனில் வேண்டாம். அவியல் வைக்கிற நாள் மீனைப் புளியும் மிளகாயும் மட்டும் சேர்த்து வைத்துவிடலாம். மீனைப் பொரிக்காமல் கறியாகவே வைத்தால் எண்ணெயும் மிச்சம். சாளையும் அயிலையும் விலையில் சின்ன மீன்கள். நல்ல கொழுப்பான ஒமேகா-3 நெய்மீனைவிட இவற்றில் குறைவில்லை, சாளையில் இன்னும் அதிகம்.

மீன் கிடைக்காத காலத்துக்கும் ஏற்பாடு வேண்டும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டு பக்கமும் கடலைப் பங்கிட்டிருப்பதால் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை முடியும் வரை விலை ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது கருவாட்டுக்குப் போனால் உப்பு கூடிவிடும், ரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஆகாது. சிறுபயறும் பெரும்பயறும் காணமும் (கொள்ளு)தான் சரியான மாற்று. நூறு கிராம் பயறில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கஞ்சியும் பயறும் நம் வீட்டுக்குப் பழையதுதான்; கஞ்சியைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் போதும். காணத் துவையல் ஒரு கரண்டி, முட்டை ஒன்று, ஆச்சு.

நாலு மணிக் காப்பி

மேலே சொன்ன எந்த வழியை எடுத்தாலும் மூன்று நேரச் சாப்பாட்டை மட்டுமே பேசுகிறோம். நம் ஊரில் எடை ஏறுவது பெரும்பாலும் அந்த மூன்றுக்கும் நடுவில். ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் அரைமணிநேரம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பருப்பு வடை, ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி, ரசவடை, ஒரு தட்டில் முந்திரிக்கொத்து. டீயில் இரண்டு கரண்டி சீனி தானாகவே விழுகிறது, யாரும் கேட்பதில்லை. இரண்டு கரண்டி என்பது பத்து கிராம். ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம், 160 கலோரி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 25 கிராம். பஜ்ஜியோடு டீ குடித்துவிட்டு ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துகிறவருக்கு எடை ஏன் இறங்கவில்லை என்பது இதில் இருக்கிறது. கருப்பட்டிக் காப்பி என்றால் மணம் கூடும், கலோரி ஏறக்குறைய அதேதான்.

பாக்கெட் பலகாரமும் அப்படித்தான். 2019-இல் அமெரிக்காவில் இருபது பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய சாப்பாடும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். இஷ்டத்துக்குச் சாப்பிடலாம். பாக்கெட் சாப்பாட்டில் தினமும் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. நம் ஏத்தங்காய் சிப்ஸ் அந்தக் கூட்டத்தில் இல்லைதான், ஆனால் நூறு கிராமில் ஐந்நூறு கலோரி. ஒரு பாக்கெட்டைப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நூறு கிராம் போவது தெரியாது. அந்த நேரத்துக்கு ஒரு மட்டிப்பழமோ அவித்த கடலையோ ஒரு கைப்பிடி போதும். ஏத்தம்பழம் என்றால் அவித்தது பாதி. டீயில் சீனியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை என்று மாதத்துக்கு ஒரு படி இறங்கினால் நாக்கு பழகிவிடும்.

யாருக்கு எது

ராத்திரி நேரம் கழித்துச் சாப்பிடுவதுதான் உங்கள் சிக்கல் என்றால், மற்ற எதையும் தொடாமல் முதலில் நேரத்தை முன்னால் இழுங்கள். சோற்றை அளக்கவே முடியாது, எண்ணினால்தான் நிறுத்த முடியும் என்பவருக்கு இரண்டு சப்பாத்தி. மலச்சிக்கலும் எலும்புத் தேய்மானமும் இருப்பவர் வாரம் இரண்டு நாள் கேழ்வரகு சேர்த்துக்கொள்ளலாம். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கன்னாபின்னாவென்று இருக்கிறது, வயது நாற்பதுக்குள், வேறு நோயில்லை, டாக்டரும் கூட இருக்கிறார் என்றால் சில மாதம் பேலியோ செய்து பார்க்கலாம். முடிக்கும்போது எங்கே இறங்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு. அறுபது தாண்டியவர்கள் எதைச் செய்தாலும் புரதத்தைக் குறைக்கவே கூடாது, எடையோடு தசையும் போய்விட்டால் எழுந்து நடப்பதே பாடாகிவிடும்.

மற்ற எல்லாருக்கும், அதாவது ஒரே அடுப்பில் ஐந்து பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு, தட்டை மாற்றுவதையும் நாலு மணிப் பெட்டியை மூடுவதையும்தான் நான் சொல்வேன். ஒருவருக்காகத் தனிச் சமையல் என்று வந்தால் அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது, அவர்களோ மிஞ்சியதைத் தின்று எடை ஏறுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அளவு மட்டும் வேறு என்றால் யாருக்கும் பாரமில்லை.

வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கினால் தாராளம். ஒரு மாதம் எதுவுமே இறங்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் எல்லையில் இருந்தவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியபோது எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அதனால் மெஷினைத் தினமும் ஏறிப் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். டேப் அளவை மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். தொடங்கும் முன்பு ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் இரண்டையும் எடுத்துவிட்டால், மூன்று மாதம் கழித்து அதையே மறுபடி எடுத்து ஒப்பிடலாம். ஹெச்பிஏ1சி கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவதால் அதற்கு முன்னால் எடுப்பதில் பயனில்லை.